அலைத்தொட்டி: மணலில் கெட்டி, பாறையில் பொய்

கடற்கரை நிலத்தோற்றங்கள் எப்படி உருவாகின்றன என்று காட்டுவதற்காகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விற்கப்படும் அலைத்தொட்டியின் அட்டைப் படத்தில் எல்லாமே இருக்கும்: ஓங்கல் (கடலோரச் செங்குத்துச் சரிவு), குகை, வளைவு, கடல் தூண், மணல்திட்டு, உப்பங்கழி. தண்ணீர் ஊற்றி அலையடித்தால் அதில் பாதிதான் வரும். வரும் பாதி அழகாகவே வரும். மீதியை எத்தனை நாள் அடித்தாலும் பார்க்க முடியாது. எது வரும், எது வராது, ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இங்கே மதிப்பிடப்படுவது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள பிளாஸ்டிக் தொட்டி வகை. உடன் வருபவை: ஒரு முனையில் கீல் போட்ட அலைப்பலகை, அதை ஆட்ட வேகத் திருகுடன் ஒரு சிறிய கியர் மோட்டார், 5 கிலோ மணல், தூண்டில் வளைவுக்கும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்பு) அலைத்தடுப்புக்கும் பிளாஸ்டிக் பட்டைகள், ஆற்றுக்கு ஒரு மெல்லிய குழாய், ஒரு கையேடு.

முதல் குறை அந்த 5 கிலோ மணல். கணக்குப் போட்டுப் பார்த்தால் போதாது என்பது உடனே தெரியும். ஆறுக்கு ஒன்று என்ற சரிவில், 48 செ.மீ. நீளமும் பின்புறம் 8 செ.மீ. உயரமும் உள்ள ஆப்பு வடிவக் கரை தொட்டியின் முழு அகலத்துக்கும் வேண்டும். அதன் கன அளவு 11.5 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. ஆக 18 கிலோ தேவை. கொடுத்திருப்பது 3 லிட்டர். அதைப் பரப்பினால் அரை மணி நேரத்தில் தொட்டியின் தரை தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அலை மணலோடு வேலை செய்யாது, பிளாஸ்டிக்கோடு மோதும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்த மணல் பருமணல், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆற்று மணல் போலப் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. கரை தேய்வதா வளர்வதா என்பதை அலையின் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. கிளறிவிடப்பட்ட மணல்மணி அடுத்த அலை வருவதற்குள் அடியில் படிந்துவிடுகிறதா, இல்லை மிதந்துகொண்டிருக்கும்போதே பின்வாங்கும் நீரில் மாட்டிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. அரை மில்லிமீட்டர் மணி நொடிக்கு 7 செ.மீ. வேகத்தில் விழும், 0.2 மில்லிமீட்டர் மணி சுமார் 2 செ.மீ.தான் விழும். தொட்டியின் 2 செ.மீ. உயர அலையில் பருமணல் மிதந்து நிற்காது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் மணல் மேலேதான் ஏறும். புயல் அலை கரையைத் தின்பதைக் காட்ட வேண்டிய பரிசோதனையில் கரை வளர்ந்துகொண்டிருக்கும். ஆசிரியர் சொல்வதும் மாணவர் பார்ப்பதும் வேறு வேறாக இருக்கும்.

ஆகவே மணலை மாற்றிவிட வேண்டும். 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையுள்ள, களிமண் கலக்காத மென்மணல் 18 கிலோ. சல்லடை இல்லாவிட்டால் ஒரு எளிய சோதனை போதும். 20 செ.மீ. உயரமுள்ள கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, முன்பே நனைத்த சில மணிகளை மட்டும் மேலிருந்து விடவும். மூன்று நொடியில் அடிதொட்டால் பருமணல். எட்டு, பத்து நொடி எடுத்தால் இதற்கு ஏற்றது. ஒரு பிடியாகப் போட்டால் கூட்டமாகச் சேர்ந்து வேகமாக இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். பிறகு வாளியில் போட்டுக் கிளறி, கலங்கல் நீரை ஊற்றிவிட்டு, மறுபடி நீர் விட்டு, ஐந்தாறு தடவை கழுவ வேண்டும். இதைச் சோம்பி விட்டால் முதல் பத்து அலைக்குள் தொட்டி தேநீர் நிறமாகிவிடும். அடியில் நடப்பது எதுவும் தெரியாது.

தொட்டியை வைக்கும் இடமும் முக்கியம். 5 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் நீர், 18 கிலோ மணல், தொட்டியின் எடை என்று எல்லாம் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டும். இரண்டு முனையிலும் மேசை போட்டு நடுவில் விட்டால் தொட்டி தொய்ந்து நீரின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். முழு அடிப்பாகமும் பலகையில் உட்கார வேண்டும். மட்டம் பார்க்க வேறு கருவி வேண்டாம். மணல் போடும் முன் கொஞ்சம் நீர் ஊற்றி நான்கு மூலையிலும் அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் போதும். அகலவாட்டில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே நீர்க்கோடு கோணலாக விழும். ஆறுக்கு ஒன்று சரிவில் அது 12 மில்லிமீட்டர் நகர்வு. தண்ணீரை நேராக மணலில் கொட்டாமல், ஒரு தட்டில் விழவைத்து மெல்ல வழியவிட வேண்டும்.

இனி கையேடு. இந்தத் தயாரிப்பின் மிக மோசமான பாகம் இதுதான். கரையை வளர்க்கும் ஆக்க அலை நிமிடத்துக்கு 6 முதல் 8, கரையைத் தின்னும் அழிவு அலை 10 முதல் 14 என்று பாடநூல் கணக்கை அப்படியே எடுத்து, பலகையை அந்த வேகத்தில் ஆட்டச் சொல்கிறது. அது கடலுக்கான எண். நிமிடத்துக்கு 8 தடவை ஆட்டினால் இந்தத் தொட்டியில் அலையே எழாது, நீர்மட்டம் முன்னும் பின்னும் சோம்பலாகச் சாயும், அவ்வளவுதான். நீளத்தை நூறில் ஒன்றாகக் குறைத்தால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறையும், ஏனெனில் ஈர்ப்பு விசையால் இயங்கும் அலையில் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு மாறுகிறது. எனவே கையேட்டின் எண்களைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: கரை வளர நிமிடத்துக்கு 60, அலை உயரம் 1 செ.மீ.; கரை தேய 110, அலை உயரம் 2 செ.மீ. மோட்டாரின் திருகு இந்த இரண்டு எண்ணையும் எட்டுகிறது. 40க்குக் கீழே மோட்டார் திக்கித் திணறும், அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேகம் இங்கே தேவைப்படாது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 5 செ.மீ. ஆழத்தில் அலை நொடிக்கு 70 செ.மீ. ஓடும். 120 செ.மீ. தொட்டியில் போய்த் திரும்ப மூன்றரை நொடி. பலகையின் ஆட்டம் அதோடும் அதன் பாதி, மூன்றிலொரு பங்கோடும் ஒத்துப்போனால் நீர் ஓரிடத்திலேயே எழும்பி எழும்பி விழும், கரையை நோக்கி நகராது. அப்படித் தெரிந்தால் திருகை ஐந்தாறு எண் தள்ளி வைத்தால் சரியாகும். பக்கச் சுவர்களில் மோதித் திரும்பும் அலையை அடக்க, பாத்திரம் தேய்க்கும் கரடுமுரடான நார்ப்பட்டையைச் சுவரோரம் ஒட்டி வைக்கலாம். இதைத் தயாரிப்பாளரே கொடுத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் தொட்டி தன் வித்தையைக் காட்டத் தொடங்கும்.

60இல் ஓடவிட்டு நீர்க்கோட்டுக்கு முகத்தை நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அலை சுமார் ஒன்றேகால் செ.மீ. ஆழத்துக்கு வந்ததும் முன்னால் கவிழும். தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் அலை உடைவது பெருங்கடலிலும் இதே விகிதம்தான். உடைந்த நீர் மெல்லிய தகடாகச் சரிவில் ஏறும். அதன் முன்விளிம்பில் மணிகள் உருண்டு வரும். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது நீரில் ஒரு பகுதி மணலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் திரும்பும் நீர் மெலிந்துபோகும், கொண்டுவந்த மணிகளில் சிலவற்றைத் திருப்பி எடுத்துப்போக அதற்கு வலு இருக்காது. ஒரு அலைக்கு ஒரு வரி மணிகள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீர்க்கோட்டுக்கு மேலே ஒரு சிறு கரைமேடு எழும்பியிருக்கும். அப்படியே 110க்குத் திருப்பினால் காட்சி மாறும். முந்தைய அலை இறங்கி முடிக்குமுன் அடுத்தது வந்து மோதும், மணலுக்கு நீரை உறிஞ்ச நேரமில்லை, மேட்டின் முன்பக்கம் செங்குத்தாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட மணல் அலை உடையும் கோட்டில் போய்க் குவிந்து கரைக்கு இணையாக ஒரு திட்டாகும். அதன் பிறகு அலை அந்தத் திட்டிலேயே உடையும், கரைக்குச் சேதம் குறையும். புயலுக்குப் பின் கரை குறுகிக் கிடப்பதும் அமைதியான மாதங்களில் மறுபடி அகலுவதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கரும்பலகையில் கிடையாது.

தொட்டித் தரையில் மூன்று நான்கு செ.மீ. இடைவெளியில் வரிவரியாக மணல் அலைவரிகள் எழும். அவற்றையும் மணல்திட்டு என்று எண்ணிக்கொள்வது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. திட்டு ஒன்றுதான், அலை உடையும் இடத்தில் மட்டும். வரிகள் பல, எங்கும் இருக்கும்.

கரையோர மணல் நகர்வுக்கு அலைப்பலகையைச் சாய்க்க முடியாது, கீல் விடாது. கரையைத்தான் சாய்த்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மற்றதைவிட 25 செ.மீ. முன்னே தள்ளினால் அலைக்கும் கரைக்கும் இடையே 22, 23 டிகிரி கோணம் கிடைக்கும். நீர்க்கோட்டில் ஒரு கரண்டி சாயமிட்ட மணலை வைத்துவிட்டு ஓடவிட்டால் ஒவ்வொரு மணியும் சாய்வாக ஏறி, நேராக இறங்கி, ரம்பப் பல் போலப் பக்கவாட்டில் போவது தெரியும். நடுவில் ஒரு பட்டையைத் தூண்டில் வளைவாக நட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை உள்வாங்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதே கணக்கு. பட்டை தொட்டியின் அடியைத் தொடும்வரை அழுத்தி நடாவிட்டால் கீழே நீர் அரித்து, பட்டை மிதந்து, பாடம் கெடும்.

நீள் மணல்திட்டு வேண்டுமென்றால் மணல் போகும் பக்கத்தின் கடைசி 20 செ.மீ. அகலத்தில் கரையைச் சட்டென்று பின்வாங்கிக் கட்ட வேண்டும். கரை திரும்பினாலும் மணல் போகிற போக்கில் நேராகவே போகும். விரல் போல ஒரு திட்டு நீளும், முனையில் அலை வளைந்து உள்ளே வருவதால் நுனி கொக்கியாக மடங்கும். உள்ளே அமைதியான நீர் சிறைப்படும், அதுதான் உப்பங்கழியின் தொடக்கம். வழக்கமாக எங்கே தவறுகிறதென்றால், மேல்முனையில் மணல் ஊட்ட மறந்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டு நீளுவதற்குள் அதன் வேர் அறுந்துவிடும். இங்கிலாந்தின் ஹோல்டர்னஸ் கரையில் பனியாறு விட்டுச்சென்ற களிமண் ஓங்கல் ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் தேய்வதால்தான் அதன் தெற்கு முனையில் ஸ்பர்ன் திட்டு 5 கி.மீ.க்கு மேல் நீண்டு நிற்கிறது. ஊட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டின் தென்கரையில் ஹால்சாண்ட்ஸ் சாட்சி: 1897 முதல் கட்டுமானத்துக்காகக் கடலடிக் கூழாங்கற்களை அள்ளினார்கள், கரை தாழ்ந்தது, 1917 ஜனவரி புயலில் ஊரே போயிற்று. கரண்டியால் ஊட்டுவதற்குப் பதில் மேல்முனையிலிருந்து நாலைந்து கரண்டி அள்ளி எடுத்துப் பார்த்தால் அதன் சிறு பதிப்பு தொட்டியிலேயே நடக்கும். கையேட்டில் இந்தப் பரிசோதனை இல்லை.

எல்லாவற்றிலும் நன்றாக வருவது தீவையும் கரையையும் இணைக்கும் மணல்திட்டு, டொம்போலோ. 15 செ.மீ. அகலக் கல் ஒன்றை நீர்க்கோட்டிலிருந்து 8 செ.மீ. தள்ளி வைத்தால் போதும். கல்லின் நிழலில் அலை தணிகிறது, இரு பக்கமும் வளைந்து வரும் அலைகள் மணலை நடுவில் கொண்டுவந்து கூட்டுகின்றன. முதலில் கரை மூக்கு போல நீளும், பிறகு கல்லைத் தொடும். ஜிப்ரால்டர் பாறையை நிலப்பரப்போடு சேர்க்கும் மணல் கழுத்து இந்த இனம். கல்லை 20 செ.மீ. தள்ளி வைத்தால் மூக்கோடு நின்றுவிடும், தொடாது. தூரமும் அகலமும் எந்த விகிதத்தில் இருந்தால் எது வரும் என்று கல்லை நகர்த்தி நகர்த்தி ஒரு வகுப்பு முழுக்க ஓட்டலாம்.

ஆழம் மாறும்போது அலை திசை திரும்புவதை, அதாவது அலை விலகலைப் பார்க்க ஒரு நிலமுனையும் இரு குடாக்களும் கட்டி, மேலே ஒற்றை விளக்கு வைக்க வேண்டும். 5 செ.மீ. ஆழத்தில் 70 செ.மீ. வேகத்தில் வரும் அலை 1 செ.மீ. ஆழத்தில் 31 செ.மீ.க்கு இறங்கிவிடும். முனைக்கு எதிரே முதலில் ஆழம் குறைவதால் அங்கே அலை தங்க, இரு பக்கமும் முந்திப்போய் முனையைச் சுற்றி வளைக்கும். முனை அடிபட, குடா மணல் சேர்க்கும். தொட்டியின் அடியை நீலமாகச் செய்திருப்பதுதான் இங்கே இடைஞ்சல். கடல் போல இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. அலைமுகட்டின் ஒளிக்கோடு வெள்ளைத் தரையில்தான் பளிச்சென்று விழும். நனையாத வெள்ளை பிளாஸ்டிக் தாள் ஒன்றை அடியில் விரித்தால் தீரும்.

இப்போது பொய்க்கு வருவோம். ஓங்கல், குகை, வளைவு, தூண் என்று நான்கு படம் வரிசையாகப் போட்டு, ஈர மணலில் செய்து பார்க்கச் சொல்கிறது கையேடு. ஓங்கல் வரும். பத்துப் பங்கு காய்ந்த மணலுக்கு ஒரு பங்கு நீர் கலந்து, 2 செ.மீ. அடுக்காக இடித்துக் கட்டி, முகத்தைக் கத்தியால் செங்குத்தாகச் சீவினால் நிற்கும். அலை அடியில் ஒரு பள்ளத்தைக் குடையும். மேலே, விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே, முடி போல ஒரு விரிசல் ஓடும். பிறகு முழுத் துண்டாகச் சரியும். சரிந்த குவியல் ஓங்கலின் காலடியை மூடிக்கொள்ள, அதை அலை வாரித் துடைக்கும்வரை ஓங்கலுக்கு ஓய்வு. துடைத்ததும் மறுபடி குடைச்சல். இந்தச் சுழற்சி மிகச் சரியானது, களிமண் ஓங்கல்களில் நடப்பது இதுவே. ஆனால் குகைக்கு மேல் போகாது. மணிகளைப் பிடித்து வைத்திருப்பது இடையில் உள்ள நீர்ப்படலம் மட்டும்; நனைந்த கூரை தன் எடையைத் தாங்காது. கடலில் குகை உண்டாவது பாறையில் வெடிப்புகள் இருப்பதால். அலை மோதும்போது வெடிப்புக்குள் காற்று அமுக்கப்பட்டு, விலகும்போது வெடித்து விரிகிறது, கூழாங்கற்கள் உராய்கின்றன, பலவீனமான கோட்டில் மட்டும் குடைந்துகொண்டு போக, பக்கத்துப் பாறை நிற்கிறது. முனையின் இரு பக்கக் குகைகள் சந்தித்தால் வளைவு. கூரை விழுந்தால் தூண். மால்டாவின் கோசோ தீவில் இருந்த நீலச்சாளர வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் பன்னிரு அப்போஸ்தலர் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. வெடிப்பே இல்லாத மணலில் இந்த வரிசையைத் தேடுவது வீண்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், எட்டுப் பங்கு மணல், பிசையும் அளவுக்கு நீர் கலந்து, முனை வடிவ அச்சில் அடைத்து, இறுகும் முன் மெழுகுத்தாள் கீற்றுகளைக் குறுக்கே செருகி, இறுகியதும் உருவிவிட வேண்டும். கீற்று இருந்த இடமே வெடிப்பு. அலை அந்தக் கோட்டில் குடையும். வளைவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிளாஸ்டர் கூடினால் கல்லாகி அசையாது, குறைந்தால் மணல் போலவே சரியும். முதலில் கையளவு கட்டிகளை ஆறு, எட்டு, பத்துப் பங்கு என்று செய்து சோதித்துவிட்டு இறங்குவது நல்லது. மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஓங்கலின் காலடியில் அலை வெட்டும் தட்டைத் தளமான அலை அரி மேடையும் ஓரளவுக்கு மேல் வராது, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) இல்லாததால். நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு கோடுதான் வெட்டுப்படும். குழாயால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 1 செ.மீ. இறக்கி ஏற்றினால் சற்று அகலும். நீர்மட்டத்தை ஏற்றும் வேலைக்கு இந்தத் தொட்டி நல்ல பிள்ளை: கரையில் ஒரு கிளைவிட்ட பள்ளத்தாக்கைச் சீவி, கரை முழுக்க மூழ்காத அளவுக்கு நீர் ஏற்றினால் மூழ்கிய ஆற்று வாய் அப்படியே தெரியும். கடைசிப் பனியூழியின் உச்சத்திலிருந்து கடல் சுமார் 120 மீட்டர் ஏறிய கதை அது. ஆற்றுக்குழாயில் கழிமுகத் திட்டு (டெல்டா) வரும், ஆனால் முன்பக்கம் செங்குத்தாக. மென்சேறு இல்லாததால் அப்படி. மணற்குன்றுக்கு இந்தத் தொட்டி லாயக்கில்லை. ஈர மணலைக் காற்று தூக்காது, மின்விசிறியை நீர்த்தொட்டியின் மேலே பிடிப்பதும் ஆபத்து.

ஒரு விஷயத்தைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நூறில் ஒன்று என்று எடுத்தால் தொட்டியின் 0.2 மில்லிமீட்டர் மணி கடலில் 2 செ.மீ. கூழாங்கல்லுக்குச் சமம். மணியையும் நூறில் ஒன்றாக்கப் போனால் அது களிமண் ஆகிவிடும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொட்டியில் காண்பது எல்லாம் கூழாங்கல் கரையின் சாயல்: சரிவு அதிகம், நீர் உறிஞ்சல் அதிகம். அகன்று தட்டையாகக் கிடக்கும் மணற்கரையை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

முடித்த பின் நீரை வடிகால் துளை வழியாக விடச் சொல்கிறார்கள். அதன் வலை மென்மணலில் ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடும், ரப்பர் வளையமும் முதலில் கசிவது அங்கேதான். துளையை நிரந்தரமாக மூடிவிட்டு, குழாயால் உறிஞ்சி ஒரு வாளிக்கு மாற்றி, மணல் படிந்த பிறகு மேல்நீரை மட்டும் கொட்டலாம். மணலைத் தொட்டியிலேயே ஈரமாக விட்டால் ஒரு வாரத்தில் பாசி பிடித்து மணிகள் ஒட்டிக்கொள்ளும். அந்த மணலில் அடுத்த தடவை கரை தேயவே தேயாது. வெயிலில் பரப்பிக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் கட்டிவைக்கவும். தொட்டியை மட்டும் வெயிலில் காட்ட வேண்டாம், பிளாஸ்டிக் நொறுங்கும்.